மைனஸ் தொண்ணூற்றேழு

பூம்பாறைக்கு மேலே, பூண்டு வயல் முடிந்து
யூக்கலிப்டஸ் தொடங்கும் திருப்பத்தில்
வேனை நிறுத்தி மூன்று நாள் ஆகிறது.
தகர உடம்புக்குள் அலை நுழையாது
என்பது முதல் ராத்திரியே தெரிந்துபோனது.
ரௌட்டரை அடுப்புக்கு மேல் வைத்தோம்.
சன்னல் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டினோம்.
கடைசியில் மழைக்குப் பயந்து
ஒரு ஊறுகாய் டப்பாவுக்குள் அடைத்துக்
கூரைக்கு ஏற்றினோம்.

இங்கே எல்லா எண்ணும் கழித்தலில்தான்.
நூற்றிருபது என்றால் செத்தது.
நூற்றுப்பத்து என்றால் மூச்சு இருக்கிறது.
கடன் மாதிரி,
குறையக் குறையத்தான் தூக்கம் வரும்.

அனுப்ப வேண்டியது ஒரு கல்யாணம்.
பல்லடத்தில், போன வைகாசியில் நடந்தது.
பதினோரு ஜிபி.
நேற்று மாலையிலிருந்து
அறுபத்திரண்டு சதவீதத்தில் நிற்கிறது.
அந்த இடத்தில் என்ன இருக்கிறதென்று
ஓட்டிப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது:
மாப்பிள்ளையின் இரண்டு கையும்
பெண்ணின் கழுத்துக்குப் பின்னால்,
மஞ்சள் கயிறு,
காற்றில் கிளம்பி இன்னும் விழாத அரிசி.
பாதிக் கல்யாணம் மலை இறங்கிவிட்டது.
மீதி என் மடியில்
லேப்டாப்போடு சேர்ந்து கொதிக்கிறது.

எபநேசர் கூரையில் நிற்கிறான்.
கையில் பந்தல்காரரிடம் வாங்கிய இரும்புக் குழாய்,
அதன் உச்சியில் மீன்முள் போல ஆன்டெனா.
ஏழு கிலோமீட்டர் தள்ளி, மேட்டுக்கு மேல்
டவரின் சிவப்பு விளக்கு
நன்றாகவே தெரிகிறது. அதுதான் எரிச்சல்.

"இப்ப?"
"நூத்திப் பதினாறு."
"இப்ப?"
"பதினெட்டு. பழைய இடத்துக்கே திருப்பு."
"பழைய இடம் எதுன்னு மறந்துபோச்சு."

அதற்குப் பிறகு பேசியது சிக்னலைப் பற்றியல்ல.
கொடைக்கானலிலேயே இருந்திருக்கலாம் என்றேன்.
வேன் வாங்கச் சொன்னது யார் என்றான்.
ஆறிய உப்புமாவை ஆளுக்கொரு பக்கம்
திரும்பி உட்கார்ந்து தின்றோம்.
மழை வந்தது. நனைந்த இலை
அலையைக் குடித்துவிடும் என்று
எங்கோ படித்ததைச் சொல்ல வாயெடுத்து
சொல்லாமல் படுத்துவிட்டேன்.
ஆடிக் காற்று ராத்திரி முழுக்க
குழாயைப் பிடித்து ஆட்டியது.
கிளாம்ப் கழன்று முனகுவது கேட்டது.
எழுந்து போக
இருவருக்குமே வீம்பு.

நாலு பத்துக்கு விழித்தால்
டப்பாவுக்குள் பச்சை விளக்கு.
தொண்ணூற்றேழு.
எண்பத்தெட்டு சதவீதம், எண்பத்தொன்பது,
பந்தி முடிந்து தாம்பூலப் பை வரைக்கும் போய்விட்டது.

டார்ச் அடித்துப் பார்த்தோம்.
காற்று அதை முழுசாகத் திருப்பியிருந்தது.
டவருக்கு முதுகு.
முகம் பள்ளத்துக்கு அந்தப் பக்கம்,
புல்கூட முளைக்காத மொட்டைப் பாறைக்கு.
அங்கே பட்டுத்தான் திரும்பி வருகிறது.

"தொடாதே" என்று
ஒரே நேரத்தில் சொன்னோம்,
ராத்திரிக்குப் பிறகு முதல் பேச்சு.
நெயில் பாலிஷ் எடுத்து வந்து
குழாயிலும் கூரையிலும்
ஒரு கோடு போட்டேன்.

பூண்டு பிடுங்க வந்த சுருளியம்மாள்
வரப்பில் நின்று அண்ணாந்து பார்த்தார்.
"டவரு அந்தப் பக்கமுல்ல இருக்கு?"
"ஆமா."
"அப்ப இது என்னத்தப் பாக்குது?"
"பாறைய."
பாறையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு எங்களை.
"சரி" என்று குனிந்துகொண்டார்.

எட்டரைக்குப் பல்லடத்திலிருந்து குரல் வந்தது,
பதினொரு நொடி, ஒரு இடத்திலும் உடையாமல்:
"வந்துருச்சுங்க. ஆனா மூணாவது முடிச்சு
எம்பொண்ணு போட்டதுங்க,
அவ மூஞ்சியே விழுகலீங்களே.
அதைய மட்டும் மாத்தி
மறுபடி முழுசா அனுப்பிருங்க."

எபநேசர் அடுப்பைப் பற்றவைத்தான்.
பாறை மேல் மஞ்சு இறங்கி
பாறையே தெரியாமல் போனது.
எண்ணைப் பார்த்தேன்.
தொண்ணூற்றேழுதான்.